தக்கோலம் என்னும் பெயர்

கற்பனையும் கடலறிவும் கலந்து பிறந்த பழைய நிலப்படப் பெயர்களுள் பொன்னாடு முதன்மையானது. கிரேக்கர் அதனைக் கிரீசே என்றனர். கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளஸ் என்னும் கடல்வழி நூல், ஞாயிறு எழும் திசையில் மக்கள் வாழும் கடைசி நிலம் அதுவே என்று கூறி, கிரீசேவுக்குச் செல்லும் பெருங்கலங்களைத் தமிழகக் கரையின் துறைகளோடு சேர்த்துப் பேசுகிறது. அதே நூற்றாண்டின் பிளினி, பொன்தீவும் வெள்ளித்தீவும் உலோக வளம் மிக்கவை என்பதை ஏற்றுக்கொண்டு, அவற்றின் மண்ணே பொன்னும் வெள்ளியும் என்ற பேச்சை மட்டும் நம்ப மறுத்தார். யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸோ, சாலமோன் மன்னனுக்குப் பொன் வந்த ஓபிர் இந்நாடே என்று எழுதினார். மலாக்காவை அடுத்த குனோங் லேடாங் மலைக்கு ஐரோப்பியர் பிற்காலத்தில் ஓபிர் என்று பெயரிட்டபோது, அந்த விவிலியப் பெயர் மலாயா மண்ணிலேயே தங்கிவிட்டது.

படப் பிரியர்களுள் பலர், துறவி மடங்களில் வரையப்பட்ட உலகப் படங்களின் நாய்த்தலை மனிதர்களிலும், கிழக்கு உச்சியில் வேலியிடப்பட்ட ஈடன் தோட்டத்திலுமே மனம் பறிகொடுக்கின்றனர். அவற்றின் அழகை மறுப்பதற்கில்லை. எனினும் உருவங்கள் கண்ணோடு நின்றுவிடுகின்றன; பெயர்களோ வாயில் ஏறிக் கடல் கடக்கின்றன. அலெக்சாந்திரியாவின் தாலமி கி.பி. 150 அளவில் தொகுத்த நிலநூல், பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, 1477இல் பொலோனியாவிலும் 1482இல் ஊல்மிலும் படங்களோடு அச்சேறியது. அதன் ஆசியப் படங்களுள் பதினொன்றாவதில் பூதமும் இல்லை, விலங்கும் இல்லை. பொற்தீபகற்பம் என்ற தலைப்பின்கீழ்க் கரையோரமாகச் சில பெயர்கள் மட்டுமே நிற்கின்றன. அவற்றுள் முதலில் வருவது தக்கோலா, அயல்நாட்டு வணிகர் கூடும் சந்தைத் துறை என்ற குறிப்போடு.

இந்த ஒரு பெயருக்காகவே அந்தப் படத்தை எத்தனை முறையும் பார்க்கலாம். தக்கோலம் தமிழனுக்கு ஊராவதற்கு முன்பே நாவில் கரைந்த பொருள். ஏலம், இலவங்கம், சாதிக்காய், கர்ப்பூரம் ஆகியவற்றோடு வெற்றிலையின் ஐந்து வாசங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. பாலி மொழியின் மிலிந்த பஞ்ஹா தக்கோலத்தைக் கப்பல்கள் செல்லும் இடங்களுள் ஒன்றாகக் கூறுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் பொறிக்கப்பட்ட இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில், அதாவது மன்னனின் வெற்றிகளைப் பாடும் கல்வெட்டு முகப்பில், கடாரத்தோடும் சீவிசயத்தோடும் தலைத்தக்கோலம் என்று அது நிமிர்ந்து நிற்கிறது. அதனைப் பாடிய புலவர் ஒவ்வோர் ஊருக்கும் எதுகை பொருந்த ஓர் அடைமொழி தேடினார். அந்த ஓசைக்கு இசையவே தலைத்தக்கோலம் கற்றவர் புகழும் ஊராகவும், மானக்கவாரம் எனப்பட்ட நிக்கோபார் தேன்மலர்ச் சோலையாகவும் ஆயின. அந்தத் தீவுகளை அடுத்த அந்தமானில்தான் மார்க்கோ போலோ நாய்த்தலையரைக் குடியேற்றினார். அயல்நாட்டார் அச்சத்தால் நிரப்பிய கடலைத் தமிழ்ப் புலவர் எதுகையால் நிரப்பியது எண்ணி மகிழத்தக்கது.

தக்கோலம் எங்கே இருந்தது என்று அறிஞர் இன்னும் வழக்காடுகின்றனர். தாய்லாந்தின் தக்குவாபா என்பார் பலர். அங்கே அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவையும் பேசும் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருப்பதால் அக்கருத்துக்கு வலு உண்டு. 1961இல் பொற்தீபகற்பம் என்ற தாலமியின் பெயரையே தம் நூலுக்குத் தலைப்பாக்கிய அறிஞர் பால் வீட்லி, தக்கோலத்தைத் தெற்கே திராங் பக்கம் தேடினார். இது பயனுள்ள ஆய்வே. ஆனால் இடம் உறுதியானால்தான் பெயருக்கு மதிப்பு என்பது வறண்ட சுவை. அதற்கு நேர் எதிராக, படத்திலுள்ள மலையுகோலன் போன்ற ஒவ்வோர் ஒலியையும் தமிழென்று சாதிப்பதும் சுவையன்று; தமிழில் ஐயமின்றி வழங்கிய தக்கோலம் ஒன்றே போதுமானது.

மலாயாத் தீபகற்பத்தின் அதே மேலைக்கரையில், வெகு தெற்கே, சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது கோலசிலாங்கூர். 1784இல் டச்சுக்காரர் புக்கிட் மலாவாத்திக் கோட்டையைக் கைப்பற்றித் தம் தலைமை ஆளுநர் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்றனர். யார் வாயிலும் புழங்காத அந்தப் பெயர் ஏட்டோடு நின்றது. ஆற்றின் மேற்பகுதியிலோ பால்மரம் சீவ வந்தவர்களின் மொழி மண்ணில் ஊன்றியது. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கிய நிலத்தின் பெயர், தென்னமரம். நறும்பொருளின் பெயர் துறைக்கும், மரத்தின் பெயர் தோட்டத்துக்கும் ஆனது ஒரே மரபு. இரண்டிலும் கைக்குப் பழகிய பொருளே ஊருக்குப் பெயராயிற்று.

இன்று அந்த மரபு மெலிந்து வருகிறது. பழைய உலகப் படங்கள் சுவர் அலங்காரமாக அச்சிடப்படும்போது உருவங்கள் பெரிதாக்கப்பட்டுப் பெயர்கள் படிக்க முடியாதபடி மங்கிவிடுகின்றன. வடசிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி, எந்த ஊருக்கும் பொருந்தக்கூடிய பெயர்களைச் சூடிக்கொள்கின்றன. லயங்கள் இடிந்த பின்னும் தோட்டத்தின் பெயரைத் தமிழ்ப்பள்ளிகளின் பலகைகளே பல இடங்களில் தாங்கி நிற்கின்றன. தோட்டத்து மூத்தோர் தங்களுக்குள் வழங்கிய பெயர்களை, எந்த ஆறு, எந்த மேடு, எந்தப் பிரிவு என்ற குறிப்போடு ஒரு தாளில் வரைந்து வைப்பது இளையோர் செய்யக்கூடிய பணி. தாலமியும் தக்கோலத்தை நேரில் கண்டவரல்லர். கடலோடிகள் சொல்லக் கேட்டவற்றைத்தான் தொகுத்தார்.