ஏரித் தண்ணீரில் குளிரும் எஞ்சின்: மெர்குருசர் ஆல்ஃபா ஒன்

படகின் பின்பலகைக்கு உள்ளே கார் எஞ்சின் போல ஓர் எஞ்சின். பலகைக்கு வெளியே, தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் கியர்ப்பெட்டியும் புரொப்பெல்லரும். இந்த அமைப்புக்குத்தான் ஸ்டெர்ன் டிரைவ் என்று பெயர். 1959-இல் வால்வோ பென்ட்டா இதை 'அக்வாமேட்டிக்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னணியில் இருந்தவர், அதற்கு முன் மெர்க்குரி நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர் ஜிம் வின். இரண்டே ஆண்டுகளில் மெர்க்குரியும் 'மெர்குருசர்' என்ற பெயரில் போட்டிக்கு வந்துவிட்டது. அந்த வரிசையில் ஆல்ஃபா ஒன் டிரைவும் ஜெனரல் மோட்டார்ஸின் 4.3 லிட்டர் வி-6 எஞ்சினும் சேர்ந்த ஜோடியை அமெரிக்க ஏரிக்கரைகளில் இன்றும் சாதாரணமாகப் பார்க்கலாம். பழைய படகு வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவதும் அநேகமாக அதுதான்.

இந்த ஜோடியை எடைபோட வேகமும் குதிரைத்திறனும் போதாது. எஞ்சினுக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். இதில் ரேடியேட்டர் கிடையாது. படகு மிதக்கும் தண்ணீரையே உறிஞ்சி, இரும்பு பிளாக்குக்குள் சுற்றவிட்டு, மறுபடி ஏரியிலேயே கொட்டுகிறது.

வழி இதுதான். டிரைவின் கீழ்ப்பகுதியில், பக்கவாட்டில் இருக்கும் துளைகள் வழியாகத் தண்ணீர் நுழைகிறது. அதற்குச் சற்று மேலே, புரொப்பெல்லரைச் சுழற்றும் செங்குத்துத் தண்டிலேயே பம்ப் மாட்டப்பட்டிருக்கிறது. பம்பின் உயிர் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் இம்பெல்லர். அது உட்கார்ந்திருக்கும் அறை வட்டமாக இருந்தாலும் மையம் விலகியது. அகலமான பக்கத்தில் இதழ்கள் விரிந்து தண்ணீரை அள்ளுகின்றன, குறுகிய பக்கத்தில் மடங்கி அதைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. தள்ளப்பட்ட நீர் டிரைவுக்குள் ஏறி, பின்பலகையைத் தாண்டி, பவர் ஸ்டீயரிங் எண்ணெயைக் குளிர்வித்துவிட்டு, எஞ்சின் தலைமாட்டில் உள்ள தெர்மோஸ்டாட் பெட்டியை அடைகிறது.

இந்தப் பெட்டியில்தான் வடிவமைப்பின் சூட்சுமம் இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் மூடியே இருக்கும். பிளாக்குக்குள் ஏற்கெனவே இருக்கும் நீரை எஞ்சின் முகப்பில் உள்ள இன்னொரு பம்ப் உள்ளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். புதிதாக வரும் நீர் நேராக, சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் போய்விடும். எஞ்சின் சூடேறியதும் தெர்மோஸ்டாட் திறந்து, சூடான நீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற, அந்த இடத்தைப் புது நீர் பிடிக்கும். கார் எஞ்சின் 90 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓடும். ஏரி நீரிலோ கடல் நீரிலோ நேராகக் குளிரும் படகு எஞ்சினின் தெர்மோஸ்டாட் 60-இலிருந்து 71 டிகிரிக்குள்ளேயே திறந்துவிடும். காரணம் கடல்தான். அதற்கு மேல் சூடேறினால் கடல்நீரில் கரைந்திருக்கும் உப்புகள் படிந்து, உள்வழிகளை அடைக்கத் தொடங்கும்.

மேனிஃபோல்டைக் கடந்த நீர் ரைசர் என்ற வளைந்த வார்ப்புக் குழாயில் ஏறி, புகையோடு கலந்து, ரப்பர் ஹோஸ் வழியாக இறங்கி, புரொப்பெல்லரின் நடுத்துளை வழியே வெளியேறுகிறது. ரப்பர் என்பதைக் கவனிக்க வேண்டும். பல நூறு டிகிரிச் சூட்டில் வரும் புகையை ரப்பர் தாங்குவது, கூடவே தண்ணீர் வருவதால் மட்டுமே. பம்ப் நின்றால் எஞ்சின் சூடாகி நிற்கும் முன்பே இந்த ஹோஸ்கள் கருகத் தொடங்கிவிடும். வெப்பமானியின் முள் ஏறும்வரை காத்திருப்பவர் தாமதமாகத்தான் விழித்துக்கொள்கிறார்.

பம்பைத் தண்ணீருக்குள் வைத்தது நல்ல முடிவா? பாதி நல்லது. பம்ப் எப்போதும் மூழ்கியே இருப்பதால் காற்றை இழுக்கும் சிக்கல் இல்லை, கிளப்பியவுடன் நீர் வந்துவிடும். மெர்குருசரின் பெரிய அண்ணனான பிராவோ டிரைவிலும், வால்வோ பென்ட்டாவிலும் பம்ப் எஞ்சினில் இருக்கிறது. அங்கே நீரை வெகுதூரம் உறிஞ்ச வேண்டும். நடுவில் ஒரு கிளாம்ப் தளர்ந்தாலும் பம்ப் காற்றைக் குடிக்கும். ஆனால் இம்பெல்லர் மாற்ற டிரைவைத் தொட வேண்டியதில்லை. ஆல்ஃபாவில் அதே வேலைக்கு டிரைவின் கீழ்ப்பாதியையே இறக்க வேண்டும். வழக்கமான நட்டுகளைக் கழற்றிய பிறகும் அது அசையாது. கடைசி போல்ட் டிரிம் டேப் என்ற சிறு துடுப்புக்கு மேலே, குழிக்குள் ஒளிந்திருக்கிறது. முதல் தடவை கழற்றுகிறவர் அதைத் தெரிந்துகொள்ளாமல் சுத்தியலை எடுத்தால் வார்ப்பு உடையும்.

இம்பெல்லர் விலை குறைவு. அதை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது படகுக்காரர்களின் நல்ல பழக்கம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் அது நிமிடக் கணக்கு கூடத் தாங்காது. இதழ்கள் கருகி உதிரும், அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடும் உருகும். உதிர்ந்த துண்டுகள் நீரோடு மேலே போய் ஸ்டீயரிங் கூலரில் மாட்டிக்கொள்ளும். புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள், முதலில் பழையதன் இதழ்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தால் அது எங்கோ உள்ளே இருக்கிறது.

கரையில் சோதிப்பது எளிது. நுழைதுளைகளின் மேல் ரப்பர்க் கிண்ணங்களை இருபுறமும் பொருத்தி, குழாயைத் திறந்து, நீர் வந்த பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். அணைக்கும்போது எஞ்சின் முதலில், குழாய் பிறகு. ஓடும்போது இரண்டு ரைசர்களையும் கையால் தொட்டுப் பார்த்தால் இதமான சூடுதான் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கையைச் சுட்டால் அந்தப் பக்க வழி அடைபட்டிருக்கிறது. ஏரியில் மெதுவாகப் போகும்போது சரியாக இருந்து, வேகம் கூட்டியதும் முள் ஏறினால் நீர் போதவில்லை: தேய்ந்த இம்பெல்லர், துளையில் சிக்கிய பாசி, அல்லது துருவால் குறுகிய ரைசர்.

எந்தத் தண்ணீர் என்பதுதான் தீர்ப்பை மாற்றுகிறது. மிசௌரி மாநிலத்தில் 1931-இல் பேக்னெல் அணையால் உருவான ஓசார்க்ஸ் ஏரி நன்னீர். அங்கே இந்த எஞ்சின்கள் பல பத்தாண்டுகள் ஓடுகின்றன. அங்கே எதிரி குளிர்காலம். உறையும்போது நீர் சுமார் 9 சதவீதம் பெருகும், பிளாக்கில் மிச்சமிருந்தால் இரும்பு வெடிக்கும். எனவே இலையுதிர் காலத்தில் வடிகால் அடைப்பான்களைக் கழற்றி நீரை இறக்குகிறார்கள். கழற்றியும் நீர் வராவிட்டால் வடிந்துவிட்டது என்று நம்பக்கூடாது. வண்டலும் துருவும் துளையை அடைத்திருக்கும், கம்பியால் குத்திவிட வேண்டும்.

ஃபுளோரிடாவின் உப்புநீரில் கதை வேறு. அங்கே ரைசர்கள் ஐந்தாண்டு தாங்கினால் நல்ல ஆயுள். பழைய வடிவத்தில் ரைசரும் மேனிஃபோல்டும் சேரும் ஒரே இணைப்பில் நீர்வழியும் புகைவழியும் அருகருகே போகின்றன. அந்த இடம் அரித்துவிட்டால் கடல்நீர் புகைவழியாக சிலிண்டருக்குள் இறங்கும். நீரை அமுக்க முடியாது. ஸ்டார்ட்டரைத் தட்டியதும் எஞ்சின் டொக் என்று நின்றுவிடும், சில வேளை கனெக்டிங் ராடும் வளையும். 2000-களின் தொடக்கத்தில் மெர்குருசர் இரண்டு வழிகளையும் பிரித்து அமைத்தது. அதில் கேஸ்கெட் கசிந்தால் நீர் வெளிப்பக்கம்தான் ஒழுகும். இந்த வரிசையில் வந்த மிகப் பயனுள்ள திருத்தம் இதுவே.

வெப்பமாற்றி வைத்த மூடிய சுற்று இன்னொரு வழி. பிளாக்குக்குள் கூலன்ட் மட்டும் ஓடும், கடல்நீர் வெப்பமாற்றியோடு நின்றுவிடும். ஆனால் விற்பனைக்கு வருபவற்றில் பாதிச் சுற்றுகளும் உண்டு. அவற்றில் மேனிஃபோல்டுகள் கடல்நீரிலேயே குளிர்கின்றன. முழுச் சுற்றிலும் ரைசரில் கடல்நீர் கலக்கத்தான் செய்கிறது. ஆகவே பிளாக் பிழைக்கும், ரைசரும் இம்பெல்லரும் பழையபடி மாற்ற வேண்டியவையே.

நன்னீர் ஏரிக்கு ஆல்ஃபா ஒன் தாராளமாக வாங்கலாம், எளிமையே அதன் பலம். கடலுக்கு என்றால் மூடிய சுற்றும் பிரித்த இணைப்பும் உள்ளதை மட்டும் பார்க்கலாம். விற்பவரிடம் ரைசர்கள் எந்த ஆண்டு மாற்றியவை என்று கேட்டு, ரசீதையும் பார்த்துவிட வேண்டும். ரசீது இல்லையென்றால் இரண்டு மேனிஃபோல்டு, இரண்டு ரைசர், ஒரு இம்பெல்லர் ஆகியவற்றின் விலையைக் கழித்துக்கொண்டே பேரத்தைத் தொடங்கலாம்.