பாலமும் பிரிவும்

நிலமும் பொழுதும் முதற்பொருள்; அந்நிலத்து வாழ்வன கருப்பொருள்; மாந்தர் உள்ளத்தில் நிகழ்வது உரிப்பொருள் என வகுத்தது தொல்காப்பிய மரபு. கவிதைக்கு அமைந்த இவ்வளவுகோல் ஓவியத்துக்கும் பொருந்துமா? ஆங்கில ஓவியர் டர்னர் 1844இல் காட்சிக்கு வைத்த ‘மழை, நீராவி, வேகம்’ என்னும் எண்ணெய் வண்ண ஓவியத்தைக் கொண்டு ஆராய்வோம். மூல ஓவியம் இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. நாம் கண்டது அச்சுப்படியே.

தேம்ஸ் ஆற்றின்மேல் மெய்டன்ஹெட் இரயில் பாலம். மழையில் வானும் நீரும் ஒன்றாகிக் கிடக்கின்றன. அக்கலக்கத்தைக் கிழித்துக்கொண்டு கரிய வண்டியொன்று நம்மை நோக்கி வருகிறது. இடப்புறம் பழைய சாலைப் பாலம். கீழே சிறு படகு. வண்டிக்கு முன்னே உயிருக்கு அஞ்சி ஓடும் முயல். முதலும் கருவும் குறைவின்றி அமைந்துள்ளன. உரிப்பொருள் யாது? வேகத்தின் வியப்பு என்பர் பலர். நமக்கோ அது பிரிவாகவே தோன்றுகிறது. படகும் முயலும் பழைய பாலமும் ஓர் உலகம். வண்டி அதனை விட்டு விலகுகிறது. எனினும் வண்டியில் இருப்போர் வெறும் புள்ளிகளே. பிரிவு உண்டு, பிரிந்தோர் முகம் இல்லை. இவ்வோவியத்தின் குறை இதுவே எனலாம்.

நாம் இவ்வாறு கருதக் காரணம் உண்டு. செங்கோட்டையில் மீட்டர் கேஜ் வண்டியேறி, ஆரியங்காவு வழியாக இந்நகருக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் நம்மில் பல. கழுதுருட்டியருகே பதின்மூன்று கண் பாலத்தை வண்டி கடக்கும்போது, ஆடிச் சாரலில் காட்டாறு பாறைகளில் மோதிச் சீறும். அதுவரை பேசிவந்த பெரியவர்கள் அங்கே மௌனமாகிவிடுவர். சிறுவயதில் விளங்காத அம்மௌனத்தின் பொருளை டர்னரின் ஓவியமே நமக்கு உணர்த்திற்று.

அவ்வழியில் 1904இல் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. இரவிவர்மாவின் தம்பி சி. இராஜராஜ வர்மா நிலக்காட்சி வரைவதில் வல்லவர். அப்பாலத்தை வரையத் தகுந்த கை அவருடையது. ஆனால் 1905இலேயே அவர் மறைந்தார். நம் ஸ்ரீ சித்திரா கலைக்கூடத்திலோ, தமையனாரின் புராண மாந்தர் முன் நெடுநேரம் நின்ற நாம், தம்பியின் நிலக்காட்சிகளை நடந்தபடியே கடந்துவிட்டோம்!

மீட்டர் கேஜ் வண்டி 2010இல் நின்றது. 2018இல் அகலப்பாதை முழுமையாகத் திறந்தது. பாலம் நிற்கிறது. அம்மௌனத்தை அறிந்தோர்தாம் குறைந்து வருகின்றனர். நம் பிள்ளைகளுள் தூரிகை பிடிப்பவர் எவரேனும் அதனை வரைவாராயின், பாலத்தின் கண்களை எண்ணி வரைந்தால் மட்டும் போதாது. சன்னலோரத்து முகங்களையும் வரைதல் வேண்டும்.