கணக்கு யார் பேரில்?

ஆட்டிசம் என்றாலே நமக்குக் குழந்தைதான் ஞாபகத்துக்கு வருகிறது. 2013-ல் வந்த 'ஹரிதாஸ்' படத்திலும் சின்னப் பையன்தான். அந்தப் பையன்களுக்கும் மீசை முளைக்கும், முப்பது வயதாகும், வேலைக்குப் போக டவுன் பஸ் பிடிக்க வேண்டியிருக்கும். செல்போன் ஆப் செய்கிற பலருக்கும் இது தோன்றுவதில்லை. பல் தேய்த்தால் ஒரு ஸ்டார், குளித்தால் இன்னொன்று!

'டீமோ' பரவாயில்லை. டென்மார்க் சரக்கு. 2025-ன் சிறந்த ஐபோன் ஆப் என்று ஆப்பிள் பரிசு கொடுத்தது. அன்றைய வேலைகளைப் படமும் கலருமாக வரிசைப்படுத்திக் காட்டுகிறது. 'பத்து நிமிஷம்' என்றால் பிடிபடாதவருக்கு, நேரம் கரைவது கண்ணுக்குத் தெரிகிறது. முக்கியமாக, வளர்ந்தவரைக் கொஞ்சுவதில்லை. (முழு வசதிக்கும் சந்தா உண்டு. சும்மாவா?)

நம்ம ஊர்ப் பக்கம் சென்னையின் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்'. படத்தைத் தொட்டால் குரல் வரும், தமிழிலும். பேச வராதவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் சிங்காநல்லூரில் நின்று பாருங்கள். காந்திபுரம் பஸ் சொன்ன நேரத்துக்கு வராது. போனில் '8.40 பஸ்' என்று அழகாக மின்னிக்கொண்டிருக்கும். பஸ் வராவிட்டால் என்ன செய்வது, யாருக்குச் சொல்வது? திட்டம் குலைந்தாலே தடுமாறுகிறவருக்கு அடுத்த வரிதானே வேண்டும்! லீவு கேட்டால் முதலாளி, "பாக்கலாமுங்க" என்பார். கோயமுத்தூரில் பாதி நேரம் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறவர் காத்துக்கொண்டே இருப்பார். இதை மொழிபெயர்க்க ஆப் இல்லை.

பி.காம். படித்தவனுக்கு முதலில் வரும் கேள்வி, கணக்கு யார் பேரில்? பாஸ்வேர்டு அம்மாவிடம், ஓ.டி.பி. அப்பா போனுக்கு. இதற்குப் பெயர் சுயநிர்வாகமாம்! 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டம் பதினெட்டு தாண்டியவருக்கும் கார்டியன் போட வழி செய்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டமோ, தன் பணத்தைத் தானே நிர்வகிக்க மற்றவர்களைப் போலவே இவருக்கும் உரிமை உண்டு என்கிறது. பெற்றோர் பயம் நியாயம். 'எங்களுக்கப்புறம் யாருங்க?' என்று கேட்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே போனைக் கொடுத்துப் பழக்காவிட்டால் அப்புறம் எப்படி?

ஆட்டிசத்துக்கென்று யாரும் செய்யாத ஆப்தான் இங்கே அதிகம் உதவும். டீக்கடை க்யூ.ஆர். கோடு! சில்லறைத் தகராறு இல்லை, பேச்சும் வேண்டாம். (தொகையை மைக்செட் மாதிரி கத்தும் டப்பா, சத்தம் தாங்காதவர் காதில் இடிதான்.) 2024-ல் 'யு.பி.ஐ. சர்க்கிள்' வந்தது. அப்பா கணக்கிலிருந்து மாதம் 15,000 ரூபாய் வரை மகன் தானே செலவழிக்கலாம். பழக்குவதற்கு நல்ல ஏற்பாடு. ஆனாலும் கணக்கு அப்பா பேரில்தான். மகன் சம்பாதிக்கிறவர் என்றால், அவர் பேரிலேயே ஒரு கணக்கு, அதில் ஒரு வாரச் செலவுக்கான தொகை, ஓ.டி.பி. அவர் போனுக்கு. அடுத்த திங்கட்கிழமையே ஆரம்பிக்கலாம்.