தப்பு செய்த நாளிலும் ஆட விடுங்கள்

2008 நவம்பர் 7, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், கிரேப்வைன் ஃபெய்த் என்ற கிறிஸ்தவப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து மைதானம். எதிர்த்து ஆட வந்திருந்தது கெயின்ஸ்வில் அரசுப் பள்ளி அணி. பெயரில்தான் அது பள்ளி. குற்றம் செய்த பதின்வயதுப் பையன்களை நீதிமன்றம் அனுப்பி வைக்கும் இடம். அந்தப் பருவத்தில் அதுவரை ஆடிய எட்டு ஆட்டத்திலும் தோற்றிருந்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காவலர்களோடு வெளியூர் போய்த்தான் ஆட வேண்டும். கைதட்ட வீட்டிலிருந்து யாரும் வருவது அபூர்வம்.

கிரேப்வைன் பயிற்சியாளர் கிரிஸ் ஹோகன் தன் பள்ளியின் பெற்றோரிடம் ஒன்று கேட்டிருந்தார். இன்று ஒரு ராத்திரி மட்டும் உங்களில் பாதிப்பேர் எதிர்ப்பக்கம் போய் உட்காருங்கள், அந்தப் பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்துங்கள் என்று. அப்படியே செய்தார்கள். 33-14 என்று கெயின்ஸ்வில் தோற்றது. ஆனாலும் ஜெயித்த அணியைப்போல அந்தப் பிள்ளைகள் தங்கள் கோச்சை பாட்டிலால் பீய்ச்சி நனைத்துக் கொண்டாடினார்கள். திரும்பும்போது ஆளுக்கொரு பையில் சாப்பாடும், எதிரணி வீரன் ஒருவன் எழுதிய கடிதமும் இருந்தன.

இதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. வழக்கு எண்ணால் அறியப்பட்ட ஒருவனை முன்பின் தெரியாத ஓர் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டது சின்ன விஷயமில்லை. ஆனால் மறுநாள் சனிக்கிழமை விடிந்திருக்குமே, அதையும் கேட்டாக வேண்டும். 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறை, டெக்சஸின் ஐந்து சிறார் நிலையங்களில் பிள்ளைகளின் அரசமைப்பு உரிமைகள் மீறப்படுவதாக அறிக்கை வெளியிட்டது. மிளகு ஸ்பிரே அடிப்பது உள்ளிட்ட அளவுமீறிய பலப்பிரயோகம், நீண்ட தனிமை அடைப்பு, பாலியல் துன்புறுத்தலிலிருந்து காக்கத் தவறியது எல்லாம் அதில் இருந்தன. ஐந்தில் ஒன்று கெயின்ஸ்வில். மைதானத்தில் கிடைத்த ஒரு ராத்திரியின் அன்பு, விடுதிக்குள் நடக்கும் நாட்களைத் தானாக மாற்றிவிடாது.

இத்தகைய பள்ளிகளில் விளையாட்டுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் பெயர், பேஸ்பால் நாயகன் பேப் ரூத். 1902 ஜூன் 13 அன்று, ஏழு வயதில், 'அடங்காத பிள்ளை' என்று பால்டிமோரின் செயின்ட் மேரிஸ் தொழிற்பள்ளியில் விடப்பட்டவர். எண்ணூறு பையன்கள் வரை இருந்த அந்த விடுதியைச் சேவியரியன் சபைத் துறவிகள் நடத்தினார்கள். அங்கே சட்டை தைக்கக் கற்றார், பேஸ்பாலும் கற்றார். 1914இல் அங்கிருந்து நேராகத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். பின்னாளில் 714 ஹோம் ரன்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது 714 அல்ல. பிரதர் மத்தியாஸ் என்ற ஆறரை அடி மனிதர். பள்ளியின் ஒழுங்குக்குப் பொறுப்பாளர் அவர்தான், பந்தடிக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். ரூத் பிற்காலத்தில் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. ஓர் ஆட்டத்தில் தங்கள் அணியின் பந்துவீச்சாளர் செம்மையாக அடிவாங்கிக்கொண்டிருந்தபோது ரூத் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். மத்தியாஸ் அவரை வெளியே அனுப்பவில்லை; அவ்வளவு தெரிந்தால் நீயே வீசு என்று பந்தைக் கையில் கொடுத்துவிட்டார். கேலி செய்ததற்குத் தண்டனை, மைதானத்தின் நடுவில் போய் நிற்பது. பயிற்சி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்றைய விடுதிகள் பலவும் இதற்கு நேர்மாறாக நடக்கின்றன. புள்ளி முறை, படிநிலை முறை என்று ஒன்று இருக்கிறது. நல்ல நடத்தைக்குப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் படி ஏறலாம். மேல்படியில் இருப்பவனுக்குத்தான் அணியில் இடம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வெளியே போய் ஆடுகிறவனைப் பற்றிப் பள்ளிக்குப் பயம் இருப்பதும் இயல்பு. ஆனால் கோபத்தை அடக்கத் தெரியாமல் வந்தவன், கோபப்பட்ட அன்றே ஆட்டத்தை இழக்கிறான். மருந்து யாருக்கு அதிகம் தேவையோ அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கும் ஏற்பாடு இது. கோப்பையோடு படம் எடுத்துக்கொள்ள நிற்பவர்கள் ஏற்கெனவே பாதி தேறியவர்கள்.

இதன் மறுபக்கம், உடற்பயிற்சியையே தண்டனையாக்குவது. பத்து ரவுண்டு ஓடு, தண்டால் எடு என்று நம் பி.டி. வாத்தியார்களிடமும் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம். ஓடுவதை அவமானத்தோடு முடிச்சுப்போட்ட பிறகு எந்தப் பிள்ளை வாழ்நாளில் விரும்பி ஓடும்? நமக்காவது சாயங்காலம் வீடு இருந்தது, அம்மாவிடம் சொல்லி அழலாம். விடுதிப் பிள்ளைக்கு அது இல்லை. மைதானத்தில் விசில் ஊதுகிறவரே, வீட்டுக்கு போன் பேசலாமா கூடாதா என்று தீர்மானிக்கிறவராகவும் இருக்கலாம். மத்தியாஸிடம் இருந்த அதே இரட்டை அதிகாரம் மோசமான ஒருவர் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சிகள் போதும் போதும் என்று இருக்கின்றன. பதின்வயதில் யூட்டாவில் இப்படி ஒரு விடுதியில் இருந்த பிரபலம் பாரிஸ் ஹில்டன் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். நிறுவனங்களில் நடக்கும் சிறார் வதையைத் தடுப்பதற்கான சட்டம் 2024 டிசம்பரில் அங்கே வந்தது. ஆய்வையும் தகவல் திரட்டலையும் தொடங்கி வைக்கும் சட்டம் அது, முதல் படிதான்.

இவ்வளவு சொன்ன பிறகும், விளையாட்டை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில், மாலிபு மலைப்பகுதியிலுள்ள கில்பாட்ரிக் சிறார் முகாமில் ஒரு கால்பந்து அணி தொடங்கினார்கள். ட்வெய்ன் ஜான்சன் நடித்து 2006இல் வந்த 'கிரிட்அயர்ன் கேங்' படம் அந்தக் கதைதான். 'கேங்' என்கிற தெருக்குழு ஒரு பையனுக்கு நிறம் தருகிறது, பெயர் தருகிறது, தனக்காகச் சண்டைபோட நாலு பேரைத் தருகிறது. இவற்றையெல்லாம் சேர்த்துத் தரக்கூடிய வேறு நல்ல வழி பதினாறு வயதில் அதிகமில்லை. ஓர் அணி தரும். அறிவுரை தராது. பிற்பாடு அந்த மாவட்டம் பழைய முகாமை இடித்துவிட்டு, பெரிய கொட்டடிகளுக்குப் பதில் சிறுசிறு குழுக்களாகத் தங்கும் வளாகத்தைக் கட்டி 2017இல் திறந்தது. அணியில் கிடைத்த நெருக்கம் தூங்கும் இடத்திலும் வேண்டும் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வாசலுக்கு வெளியே நடப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை. தீர்ப்பில் சொன்ன மாதங்கள் முடிந்ததும் பையன் பழைய தெருவுக்கே திரும்புகிறான். அணி உள்ளேயே இருந்துவிடுகிறது, கோச்சும்தான். வெளியே வந்தபின் தடுமாறுவது ரூத்துக்கே நடந்தது. ஆட்டத்தில் சிகரம் தொட்டவர் குடியையும் கும்மாளத்தையும் அடக்க முடியாமல், 1925இல் சொந்த அணியாலேயே ஐயாயிரம் டாலர் அபராதமும் தற்காலிக நீக்கமும் பெற்றார். ஆனாலும் மத்தியாஸோடு உறவு அறுபடவில்லை. 1919இல் பள்ளி தீப்பிடித்தபோது, அதைத் திரும்பக் கட்ட நிதி திரட்ட அடுத்த ஆண்டே பள்ளி பேண்ட் குழுவைத் தன் அணியோடு ஊர் ஊராக அழைத்துப் போனவர் ரூத். மத்தியாஸுக்குக் காடிலாக் கார் வாங்கிக் கொடுத்தவரும் அவரே. போக ஒரு வாசல் அவருக்குக் கடைசிவரை இருந்தது. மற்ற எண்ணூறு பேருக்கு இருந்ததா என்பதைத்தான் எந்தப் பாராட்டுக் கட்டுரையும் கேட்பதில்லை.

நீதிமன்றம் அனுப்பாமல், தாமாகவே அப்படி ஒரு பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர், கண்ணாடி அலமாரியில் இருக்கும் கோப்பைகளை எண்ண வேண்டாம். இன்று யார் யார் ஆட்டத்துக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேளுங்கள். போன வருஷம் வெளியே போன பையன்களோடு கோச் இன்னும் பேசுகிறாரா என்று கேளுங்கள். இரண்டுக்கும் நேரான பதில் வரவில்லையென்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.