முதல் குண்டும் பின் நான்கும்

ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் 1980இல் க்ரியா வெளியீடாக வந்ததிலிருந்து நம்மிடையே அதைப் பற்றிப் பேசப்பட்டது ஏராளம். அபத்தம், அந்நியமாதல், இருத்தல் எல்லாம் வந்தாயிற்று. அது ஒரு கொலைக் கதை என்பது மட்டும் பேச்சில் அடிபடவில்லை. துப்பறியும் கதையை வாரப் பத்திரிகைகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்ட நமக்கு அப்படிச் சொல்வது தரக்குறைவாகப் பட்டிருக்கலாம். காம்யுவுக்கு இந்தக் கூச்சம் இல்லை. ஜேம்ஸ் எம். கெய்ன் என்ற அமெரிக்கர் 1934இல் எழுதிய, காமமும் ரத்தமும் நெடியடிக்கும் குற்ற நாவல் ஒன்றுக்கு மெர்சோவின் குரல் கடன்பட்டிருக்கிறது.

எனவே கொலையைப் பார்ப்போம். கடற்கரையில் மெர்சோ ஐந்து முறை சுடுகிறான். பிரெஞ்சு மூலத்தில் முதல் குண்டுக்கு எழுவாய் அவன் அல்ல; துப்பாக்கியின் விசை. அது இளகிக்கொடுக்கிறது, அவ்வளவே. பின்வரும் நான்கு குண்டுகளுக்குத்தான் 'நான்' வருகிறது. நாவலின் குற்றம் முழுவதும் இந்த எழுவாய் மாற்றத்தில் இருக்கிறது. வெயிலின் பங்கு முதல் குண்டோடு முடிந்துவிட்டது. அசையாது கிடக்கும் உடலின்மேல் மீண்டும் சுட்டவன் எதைச் சாக்குச் சொல்வான்? விசாரணை நீதிபதி இந்த இடைவெளியைத்தான் பிடித்துக்கொள்கிறார். பதில் கிடைப்பதில்லை.

இந்தப் பிளவைத் தாங்கத் தமிழுக்கு வலு உண்டு. கண்ணாடி டம்ளரைக் கீழே போட்ட குழந்தை 'ஒடஞ்சு போச்சு' என்றுதான் சொல்லும். 'ஒடச்சேன்' என்று சொல்லவைக்கப் பிரம்பு வேண்டும். பிரெஞ்சில் வாக்கியத்தின் தலையில் நிற்கும் 'நான்' தமிழில் வினைமுற்றின் வாலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. குளித்தேன், சாப்பிட்டேன், படம் பார்த்தேன், சுட்டேன். இந்நாவலின் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தீவு என்று சார்த்தர் 1943இல் கருதினார். தமிழில் தீவாக ஒலிப்பதில்லை. அடுக்கடுக்காக வரும் இந்த 'ஏன்'களை நம் காது வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறது: போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கும் வாக்குமூலத்தில். மூலத்தின் பேச்சுச் சாயல் எழுத்துத் தமிழில் இறுகிப்போனது உண்மைதான். அதை இழப்புக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை.

வாக்குமூலத்தில் ஒன்று தவறாது. செத்தவன் பெயர், தகப்பன் பெயர், ஊர். இதில் அது இல்லை. அரபி என்பதற்கு மேல் அவனுக்கு அடையாளம் கிடையாது. தாயின் சவ அடக்கத்தில் மகன் அழுதானா என்று துருவும் நீதிமன்றம் செத்தவன் யாரென்று அக்கறைப்படவில்லை. பிரெஞ்சுப் படர்க்கை ஆண்பாலுக்கு ஒரே சொல். தமிழில் 'அவன்', 'அவர்' இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். யாருக்கு எது விழுகிறது என்று கவனித்தபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். காலனிய அல்ஜீரியா பற்றித் தனியாக முன்னுரை வேண்டியிராது.

பெரக்கரை நாட்டிலிருந்து இதை எழுதும்போது கொல்லிப்பாவை நினைவுக்கு வராமலிராது. சிரித்துக் கொல்லும் பாவை. அதற்குக் கொலை ஒரு செயல் அல்ல, சுபாவம். அதனால் செத்தவர் பெயரை யாரும் கேட்பதில்லை, பாவையின் அழகைப் பேசுகிறோம். மெர்சோவையும் நம் விமர்சனம் இப்படியொரு பாவையாக்கி வைத்திருக்கிறது. வெயில், கடல், பிரபஞ்சத்தின் அசிரத்தை. இவற்றுக்கிடையே ஒருவன் விழுந்துகிடப்பது காட்சியின் ஓர் அம்சம்.

அல்ஜீரியரான காமெல் தாவுத் 2013இல் அவனுக்கு மூஸா என்று பெயரிட்டு, தம்பி ஹாரூனைப் பேசவிட்டார். 'மெர்சோ: மறுவிசாரணை' என்ற அந்த நாவலையும் தமிழில் தந்தவர் ஸ்ரீராமே. இரண்டையும் ஒரே கை பெயர்த்தது நமக்கு வாய்த்த நல்லூழ். கலையாக இது காம்யுவுக்கு ஈடாகாது. தம்பி ரொம்பப் பேசுகிறான், மது விடுதியில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே பேசுகிறான். ஆனால் அவன் கையிலும் ஒரு பிணம் உண்டு. 1962இல், விடுதலை கிடைத்த கையோடு, ஒரு பிரெஞ்சுக்காரனைச் சுடுகிறான். சுடப்பட்டவனுக்கு அந்த நாவலில் பெயர் இருக்கிறது. ஜோசப்.