அடைமொழி என்னும் விலங்கு

கவிஞன் நாவில் உவமையும் அடைமொழியும் அணிகலன்கள். ஆட்சியாளன் நாவில் அவையே விலங்காகிவிடுவதுண்டு. ஒரு மக்கட் கூட்டத்தின் மனத்தைச் சொல்லாலேயே ஒடுக்க முயன்ற வரலாற்றைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மதுரைச் சீமையின் எழுமலை வட்டாரமே அதற்குச் சான்று.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் பிறந்தது. தச்சும் நெசவும் குலவழி வருவது போலக் குற்றமும் குலவழி வரும் என்பது அதனை ஆதரித்தோர் கையாண்ட உவமை. தொழில் பயிற்சியால் கைவருவது. குற்றமோ தனியொருவன் செய்வது, மன்றத்தில் மெய்ப்பிக்கப்பட வேண்டியது. பொருந்தாத உவமை சட்டமானபோது தொட்டிற் குழந்தையும் குற்றவாளியாயிற்று.

சென்னை மாகாணத்தில் 1914 முதல் இச்சட்டம் பிரமலைக் கள்ளர் மீது ஏவப்பட்டது. ஆடவர் கைரேகை பதிய வேண்டும்; இரவில் காவலர் கண்காணிப்பில் முடங்க வேண்டும்; வெளியூர் செல்ல 'ராதாரிச் சீட்டு' பெற வேண்டும்.

இதற்கு ஆட்சி கையாண்ட மொழியை ஆராய்ந்தால், வீட்டுக்குள் மனைவியை மனத்தால் வதைப்பவனின் பேச்சு நினைவுக்கு வரும். பாட்ரிக் ஹாமில்டன் 1938-இல் எழுதிய 'காஸ் லைட்' நாடகத்தில், தன் புத்தி பேதலித்துவிட்டதோ என்று மனைவியே ஐயுறும்படி கணவன் சூழ்ச்சி செய்கிறான். இங்கும் அதுவே நிகழ்ந்தது. ஊர்க்காவல் புரிந்து கூலி பெற்றது இம்மக்களின் பழைய உரிமை. அதனை மிரட்டிப் பணம் பறித்தல் என்று ஆட்சியாளர் எழுதினர். காவலனைக் கள்வன் எனப் பெயர் மாற்றி, அவன் தன்னைப் பற்றி வைத்திருந்த நினைவையே பொய்யாக்க முயன்றனர்.

அடுத்தது, "உன் நன்மைக்கே" என்னும் வாய்ப்பாடு. கட்டுப்பாட்டுக்குச் 'சீரமைப்பு' என்று பெயர் சூட்டப்பட்டது. பள்ளிகள் வந்தன, அவற்றால் பயனும் விளைந்தது. ஆயினும் கல்வி கொடுத்த கையே ரேகையும் பிடித்தது என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, அடித்தவன் அடிபட்டவன் மேல் பழி சுமத்துதல். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். "பணிந்திருந்தால் சாவு நேர்ந்திராதே" என்பார் உளர். "நீ வாய் திறவாதிருந்தால் அடித்திருக்க மாட்டேன்" என்பதும் அதே வாக்கியந்தான்.

சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் நீங்கியது. 1952-இல் நாடெங்கும் நீங்கியது. ஆனால் அந்தப் பேச்சுமுறை நீங்கவில்லை. மேடையிலும் கைபேசியிலும் இன்றும் ஒலிக்கிறது.

எனவே, அரசியல் உரை கேட்கும் நம் இளையோர் மூன்று வினாக்களைக் கேட்கப் பழகுதல் நலம். ஒருவன் செயலுக்கு ஓர் இனமே பெயர் பெறுகிறதா? நாம் கண்ணால் கண்டதை இல்லையென்று நம்பச் சொல்கிறார்களா? துன்புற்றவரே துன்பத்துக்குக் காரணம் என்கிறார்களா?

ஏசப்படுவது நம் சமூகமாயின் இவ்வினாக்கள் தாமே எழும். ஏசப்படுவது பிறர் சமூகமாகி, ஏசுவோர் நம்மவராயிருக்கையிலும் அவற்றை எழுப்புவதே நேர்மை.