தண்டர்பேர்டும் விலாசப் புத்தகமும்

தண்டர்பேர்டு என்னும் மின்னஞ்சல் மென்பொருளின் பதிப்பை உயர்த்திய பிறகு, கடிதங்களெல்லாம் வைத்தது வைத்தபடி இருக்க, விலாசப் புத்தகம் மட்டும் வெறும் ஏடாகத் திறந்துகொள்ளும் விசித்திரத்தைப் பற்றிச் செகந்தராபாத், பத்மாராவ் நகர்த் தமிழர் சிலர் என்னிடம் முறையிட்டதுண்டு. சங்கக் கூட்டத்து அறிவிப்பு முதல் கொலு அழைப்பு வரை ஒரே பட்டியலுக்கு அனுப்பிப் பழகியவர்களுக்கு இது சாமானியமான சங்கடமன்று. ஆதலால் பழைய கணினி ஒன்றில் தண்டர்பேர்டின் 68ஆம் பதிப்பை நிறுவி, ஹைதராபாத்துக்கு உரியபடி தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் பெயர்களைப் பதிந்து, பிறகு ஒவ்வொரு படியாகப் பதிப்பை உயர்த்தி, நடப்பதை நேரிலே பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

வினையின் மூலம் 2020ஆம் ஆண்டில் வந்த 78ஆம் பதிப்பில் இருக்கிறது. அதுவரை விலாசங்கள், நெட்ஸ்கேப் காலத்திலிருந்து சுவீகாரமாக வந்த மோர்க் என்னும் வடிவத்தில், எம்.ஏ.பி. என்று முடியும் கோப்புகளில் கிடந்தன. அக்கோப்பை நோட்பேடில் திறந்தேன். ‘கமலா’ என்று நான் பதிந்திருந்த பெயரைத் தேடினால், ஒரு தமிழெழுத்துகூடக் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு டாலர் குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கங்களுமாக, அந்தச் சின்னப் பெயர் 36 குறிகளாக நீண்டு கிடந்தது. இத்தகைய வடிவத்தைக் கைவிட்டு எஸ்க்யூலைட் என்னும் ஸ்திரமான தரவுத்தளத்துக்கு மாறியது நியாயமான காரியமே என்பது என் அபிப்பிராயம்.

78ஆம் பதிப்பை முதன்முறை இயக்கியதும் மாற்றம் தானாகவே நடந்தேறியது. மூன்று லிபிகளும் சேதமின்றி வந்து சேர்ந்தன. பழைய கோப்பும் அழிக்கப்படாமல், பெயரின் கடைசியில் ‘பேக்’ என்ற ஒட்டோடு அங்கேயே இருந்தது. அப்படியிருக்க, பலருக்குப் புத்தகம் காலியாகத் தோன்றுவானேன்? 68ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் தனித்தனி புரொஃபைல் (கடிதங்களும் விலாசங்களும் அமைப்புகளும் அடங்கிய ஃபோல்டர்) என்ற ஏற்பாடு வந்துவிட்டபடியால், மென்பொருளை வேறொரு ஃபோல்டரில் புதிதாக நிறுவியவர்கள், தாம் அறியாமலே வெற்றுப் புரொஃபைல் ஒன்றினுள் நுழைந்துவிடுகிறார்கள். கணக்கை மறுபடி அமைத்ததும் சர்வரிலுள்ள கடிதங்கள் திரும்பி வந்துவிடும்; விலாசங்கள் வாரா. பழைய விலாசங்கள் பக்கத்துப் புரொஃபைலில் பத்திரமாகவே இருக்கின்றன. வீடு மாறியவர் சாமான் வண்டியைப் பழைய வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்த கதைதான் இது. மற்றொரு சாரார் 78ஆம் பதிப்பைத் தொடாமல் நெடுந்தூரம் தாவியவர்கள். அவர்களுடைய மோர்க் கோப்பு மாற்றப்படாமலே தங்கிவிடக்கூடும்.

பரிகாரம் எளியதே. உதவிப் பட்டியிலுள்ள பழுதறியும் தகவல் பக்கத்தில் புரொஃபைல் ஃபோல்டரைத் திறக்கும் பொத்தான் உண்டு. அதன் வழியே சென்று பழைய கோப்பைப் பிரதி எடுத்து, ‘பேக்’ ஒட்டு இருந்தால் அதை நீக்கி, 102ஆம் பதிப்பிலோ அதற்குப் பிந்தியதிலோ இறக்குமதிப் பகுதியில் கொடுத்தால், மோர்க் கோப்பையும் அது நேரே வாசித்துவிடுகிறது. பிரதி எடுக்குமுன் தண்டர்பேர்டை மூடிவிட வேண்டும். இன்னொன்று பலருக்கு மறந்துபோகிறது: நாம் கடிதம் எழுதியவர்களின் விலாசங்களைத் தானே சேர்த்துவைக்கும் பட்டியல், ‘ஹிஸ்டரி’ என்ற பெயரில் வேறொரு கோப்பாக இருக்கிறது. முதற் கோப்பை மட்டும் மீட்டவர்கள் பாதிப் பேரைக் காணோம் என்று தவிப்பது அதனால்தான்.

காப்புப் பிரதி எடுக்க சி.எஸ்.வி. வடிவத்தை நாடுவோர் அதிகம். அதை நான் சிபாரிசு செய்யேன். எழுத்துக்குறியாக்கத்தில் யு.டி.எஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் கேள்விக்குறிகளாகிவிடும். தேர்ந்தெடுத்தாலும் எக்ஸெல் அதைத் திறக்கும்போது சிதைத்துக் காட்டுவதுண்டு. குழுப் பட்டியல்களோ அதில் வரவே வாரா. எல்டிஐஎஃப் என்னும் மற்றோர் ஏற்றுமதி வடிவமோ எழுத்துகளையும் காக்கிறது, பட்டியல்களையும் காக்கிறது.

புதிய விலாசப் புத்தகத்தின் தோற்றம், 102ஆம் பதிப்பில் திருத்தி அமைக்கப்பட்டபின், பெயரட்டைகளைப் பார்ப்பதற்கும் திருத்துவதற்கும் மிகவும் சௌகரியமாகவே இருக்கிறது. 91ஆம் பதிப்பு முதல் கார்ட்டேவ் என்னும் தொடர்பு ஒத்திசைவு முறையில் கூகுள் முதலிய சேவைகளின் தொடர்புகளையும் நேரே இணைத்துக்கொள்ளலாம்; அப்படிச் செய்தவருக்குப் பதிப்பு உயர்வால் பயமில்லை, மூலப்பிரதி சர்வரில் இருக்கிறதல்லவா! ஆனால் அவ்வாறு இணைத்த புத்தகத்தினுள் குழுப் பட்டியல் அமைக்க இடமில்லை என்பது பெருங்குறை.

தனியொருவர் உபயோகத்துக்கு இணைப்புப் புத்தகமே மேல். நூறு பேருக்கு அழைப்பு அனுப்பும் சங்கக் காரியதரிசிகள் கணினியிலுள்ள புத்தகத்தையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிப்பு உயர்வுக்கும் முன்னர் ஓர் எல்டிஐஎஃப் பிரதியை வேறு டிஸ்க்கில் சேமித்துவிட வேண்டும்.